மலிவு டார்ச்சின் நிறங்கள்

பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில், செல்போன் கவர்களுக்கும் சார்ஜர் வயர்களுக்கும் நடுவே பல வண்ண எல்இடி டார்ச்சுகள் தொங்குகின்றன. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. பொத்தானை ஒரு முறை அழுத்தினால் வெள்ளை, அடுத்து சிவப்பு, பிறகு பச்சை, நீலம். சிலவற்றில் ஊதாவும் உண்டு. விலை இருநூறோ முந்நூறோ. “ரெண்டு கிலோமீட்டர் அடிக்கும்ணே” என்று கடைக்காரத் தம்பி சொல்வார். அட்டைப்பெட்டி அதற்கும் மேலே போய், பத்தாயிரம் லூமன் என்று அச்சடித்திருக்கும்.

இந்தப் பக்கத்தில் இதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வேலைக்காகத்தான் வாங்குகிறார்கள். மும்முனை மின்சாரம் இரவில் வரும் நாளில் மோட்டார் போடக் கொல்லைக்குப் போகவேண்டும். கதிர் பிடித்த மக்காச்சோளத்தில் காட்டுப்பன்றி இறங்காமல் பார்க்கவேண்டும். பட்டறை போட்டுச் சேமித்த சின்ன வெங்காயத்துக்கு மழை இரவில் படுதா விலகாமல் காவல் இருக்கவேண்டும். பாம்பும் தேளும் திரியும் வரப்பில் நடக்கிறவர் கையில் இருக்கும் விளக்கு இது. மலிவுப் பொருள்தானே என்று தள்ளிவிடாமல், அதை ஒழுங்காகச் சோதித்துப் பார்ப்பதே நியாயம். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. பழைய சிடி ஒன்று, ஒரு செல்போன், மளிகைக்கடைத் தராசு போதும். பெட்டியில் இருக்கும் எண்ணை மறந்துவிட்டு, ஒவ்வொரு நிறத்தையும் அது செய்யவேண்டிய வேலையை வைத்து எடைபோட வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் அந்தப் பத்தாயிரத்தைப் பார்த்துவிடலாம். ஒரு விளக்கு எல்லாத் திசைகளிலும் சேர்த்து எவ்வளவு ஒளி தருகிறது என்பதை, மனிதக் கண்ணின் உணர்திறனைக் கணக்கில் கொண்டு அளக்கும் அலகுதான் லூமன். நம் வீடுகளில் எரிந்த பழைய 60 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 700 லூமன் தந்தது. இன்றைய நல்ல வெள்ளை எல்இடி, ஒரு வாட் மின்சாரத்துக்கு 100 லூமன் அளவில் தரும். அப்படியானால் பத்தாயிரம் லூமனுக்கு 100 வாட் வேண்டும். டார்ச்சுக்குள் இருப்பதோ ஒற்றை லித்தியம் செல். அதன் அழுத்தம் 3.7 வோல்ட், கொள்ளளவு 2,500 மில்லி ஆம்பியர்-மணி என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், மொத்த ஆற்றல் 9 வாட்-மணிக்குச் சற்று மேல். 100 வாட் இழுத்தால் ஐந்தாறு நிமிடத்தில் தீர்ந்துபோகும். அதற்குள் டார்ச்சின் தலையைக் கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சூடேறியிருக்கும்.

உண்மையான அளவைக் கண்டுபிடிக்கும் வழி இதே கணக்கைத் திருப்பிப் போடுவதுதான். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, வெள்ளையில் எரியவிட்டு, ஒளி தெளிவாக மங்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 9 வாட்-மணி நான்கு மணி நேரம் தாக்குப்பிடித்தால், சராசரியாகச் செலவானது இரண்டேகால் வாட். ஒளி சுமார் 200 லூமன். வரப்பில் நடக்க 200 லூமன் தாராளம். பத்தாயிரம் என்று எழுதாமல் 200 என்றே எழுதியிருந்தாலும் அந்த டார்ச் வாங்கத் தகுந்ததாகவே இருந்திருக்கும்.

செல்லின் மேலுறையையும் படித்துப் பாருங்கள். 18650 என்ற எண், 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட உருளை என்று சொல்கிறது. அந்த அளவுக்குள் பரவலாகக் கிடைக்கும் நல்ல செல்லே 3,500 மில்லி ஆம்பியர்-மணிக்கு அருகில்தான் தரும். உறையில் 9,900 என்று போட்டிருந்தால் அது பொய். மளிகைக்கடையின் மின்னணுத் தராசில் அந்தச் செல்லை வைத்துவிடுங்கள். நல்ல செல் 45 கிராம் அளவில் இருக்கும். முப்பதுக்குக் கீழே காட்டினால் உள்ளே பாதி இடம் காலி.

இனி நிறத்துக்கு வருவோம்.

எல்இடிக்குள் இருப்பது குறைகடத்திப் படிகம். அதன் ஒரு பக்கத்திலிருந்து வரும் எலக்ட்ரான், மறுபக்கத்துக் காலியிடத்தில் விழும்போது இழக்கும் ஆற்றல் ஒளியாக வெளிப்படுகிறது. எவ்வளவு ஆழம் விழுகிறதோ அதைப் பொறுத்து நிறம். ஆழம் குறைவென்றால் சிவப்பு, கூடினால் பச்சை, இன்னும் கூடினால் நீலம். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியை 1962இல் அமெரிக்காவில் நிக் ஹோலோன்யாக் செய்துகாட்டினார். பிரகாசமான நீலத்துக்கு முப்பது ஆண்டுகள் காத்திருக்கவேண்டியிருந்தது. காலியம் நைட்ரைடு படிகத்தைக் குறையில்லாமல் வளர்ப்பது அவ்வளவு கடினம். ஜப்பானில் இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகமுரா ஆகியோர் அதைச் சாதித்தார்கள். 2014இன் இயற்பியல் நோபல் பரிசு அதற்குத்தான்.

நம் டார்ச்சின் வெள்ளை அந்த நீலத்தின் வாரிசு. நீல எல்இடியின் மேல் மஞ்சளாக ஒளிரும் ஒரு பொடியைப் பூசுகிறார்கள். நீலத்தில் ஒரு பகுதி பொடியில் பட்டு மஞ்சளாக மாறும்; மீதி நீலம் அப்படியே தப்பி வரும். இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகப் படுகிறது. டார்ச்சை அணைத்துவிட்டு முகப்பைப் பார்த்தால் எல்இடியின் மேல் மஞ்சள் பொட்டுப்போல் தெரிவது அந்தப் பொடிதான்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அட்டையில் பிளேடால் மெல்லிய கீறல் போட்டு டார்ச்சின் முகத்தில் ஒட்டுங்கள். இருட்டறையில் சிடியின் பளபளப்பான பக்கத்தைச் சாய்த்துப் பிடித்து, அதில் கீறலின் பிம்பத்துக்குப் பக்கவாட்டில் விரியும் நிறப் பட்டையைத் தேடுங்கள். சிடியின் தடங்களுக்கு இடையே உள்ள தூரம் 1.6 மைக்ரான்; ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்க அது போதும். வெள்ளையில் எரியும்போது அடர்ந்த நீலக் கோடு ஒன்று, அதையடுத்து ஒரு மங்கலான இடைவெளி, பிறகு பச்சையில் தொடங்கி மஞ்சள் வழியாக ஆரஞ்சு வரை அகன்ற பட்டை தெரியும். சிவப்புப் பகுதி இளைத்திருக்கும். வெள்ளை எவ்வளவு நீலம் பாரித்ததோ, அவ்வளவு இளைத்திருக்கும்.

இப்போது பொத்தானை அழுத்தி நிறங்களுக்குப் போங்கள். இங்கேதான் இரண்டு வகை டார்ச்சுகள் பிரிகின்றன. ஒரு வகையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி எல்இடி. அதைச் சிடியில் பார்த்தால் ஒரே நிறத்தில் ஒடுங்கிய பட்டை. மற்ற இடமெல்லாம் இருள். இன்னொரு வகையில் எல்இடி ஒன்றே, அதுவும் வெள்ளை. அதற்கு முன்னால் சிவப்பு, பச்சை பிளாஸ்டிக் தகடு நகர்ந்து வந்து நிற்கும். சிவப்புத் தகடு சிவப்பை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தடுக்கிறது. ஆனால் வெள்ளை எல்இடியில் சிவப்பே குறைவு என்று இப்போதுதான் பார்த்தோம். இருப்பதில் பெரும்பகுதியைத் தடுத்துவிட்டால் வெளியே வருவது சொற்பம். தகடு மலிவாக இருந்தால் பச்சையும் மஞ்சளும் கசிந்து, சிவப்பு ஆரஞ்சாகத் தெரியும். தனி எல்இடி உள்ளதைத்தான் வாங்கவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்த வேறுபாட்டின் முழுப் பொருளும் தெரியவேண்டுமானால் அரியலூர் ரயில் நிலையத்துக்குப் போகவேண்டும். விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குப் போகும் கார்டு லைனில் இருக்கிறது அரியலூர். ரயில்வேக்காரர்கள் கையில் இருக்கும் மூவண்ண விளக்குதான் பல வண்ண டார்ச்சின் மூத்த வடிவம். இரவில் ரயில் மேலாளரும் (முன்பு கார்டு) நிலைய அதிகாரியும் ரயிலோடு பேசுவது அதன் மூலம்தான். பச்சையை அசையாமல் பிடித்தால் போகலாம். பச்சையை மேலும் கீழுமாக மெதுவாக அசைத்தால் எச்சரிக்கையோடு போ. சிவப்பு என்றால் நில்.

முன்பு அது மண்ணெண்ணெய் விளக்கு. சுடருக்கு முன்னால் வண்ணக் கண்ணாடிகளைத் திருப்புவார்கள். மண்ணெண்ணெய்ச் சுடரில் சிவப்பும் மஞ்சளும் மிகுதி, பச்சையும் நீலமும் குறைவு. அதனால் சிவப்புக் கண்ணாடி வழியே சிவப்பு நன்றாக வந்தது. பச்சைக்குத்தான் பாடுபட்டார்கள்: வெறும் பச்சைக் கண்ணாடி போட்டால் மஞ்சள் கலந்து தெரியும் என்பதால், சிக்னல் கண்ணாடியை நீலம் கலந்த பச்சையாக வார்த்தார்கள், மஞ்சள் சுடரோடு சேரும்போது அது சரியான பச்சையாகும். வெள்ளை எல்இடிக்கு முன்னால் தகடு வைத்த இன்றைய டார்ச்சில் கதை தலைகீழ். பச்சை எளிது, சிவப்புதான் நோஞ்சான். நில் என்று சொல்லவேண்டிய நிறமே பலவீனமாக இருப்பதுதான் அந்த வகையின் பெரிய குறை.

தகடு உடைந்தால் என்ன ஆகும் என்பதையும் ரயில்வே உலகம் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வெள்ளை ஒளிக்குப் ‘பாதை சரி, போகலாம்’ என்று பொருள், பச்சை எச்சரிக்கை, சிவப்பு ஆபத்து. சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்துவிட்டால் விளக்கு வெள்ளையாகத் தெரியும். அதாவது ஆபத்து என்ற சொல் தானாகவே ‘போகலாம்’ என்று மாறிவிடும். போகலாம் என்பதற்குப் பச்சையைக் கொண்டுவந்து, வெள்ளையை அந்த வேலையிலிருந்து எடுத்ததற்கு இது முக்கியக் காரணம்.

அரியலூரைச் சொல்லும்போது 1956ஐச் சொல்லாமல் கடக்க முடியாது. அந்த ஆண்டு நவம்பர் 23 அதிகாலை, கனமழையில் மருதையாறு கரைபுரண்டு ஓடியது. வெள்ளம் பாலத்தைச் சிதைத்திருந்தது. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ் அதன் மேல் வந்தபோது எஞ்சினும் முன்பகுதிப் பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். சாஸ்திரியின் ராஜினாமாவை நாடு நினைவில் வைத்திருக்கிறது. நான் அதோடு சேர்த்து நினைப்பது, மழை இரவுகளில் தண்டவாளத்தின் ஓரமாக நடந்து, பாதையும் பாலமும் இருக்கிற நிலையைப் பார்த்துவரும் ரோந்துத் தொழிலாளியை. வேகமாக வரும் ரயில் நிற்பதற்கு ஒரு கிலோமீட்டர் வரை எடுத்துக்கொள்ளும். பாதை உடைந்திருப்பதை அவர் கண்டால், அவ்வளவு தூரத்துக்கு முன்னாலேயே ஓட்டுநருக்குத் தெரிவிக்க அவரிடம் இருப்பது ஒளியும் ஒலியும் மட்டுமே. ஒலிக்குத் தண்டவாளத்தில் வைக்கும் வெடிகள். இன்றைய அகலப் பாதை விதிப்படி 600 மீட்டரில் ஒன்று, 1,200 மீட்டரில் மூன்று. ஒளிக்குக் கையிலுள்ள சிவப்பு விளக்கு.

அந்தச் சிவப்பு விளக்கு இல்லாமல் போனால்? விதி அதற்கும் வழி வைத்திருக்கிறது. வெள்ளை விளக்கை உடலுக்குக் குறுக்கே வேகமாக ஆட்டினாலும் அது நில் என்றே பொருள்படும். நிறம் கைவிட்டாலும் அசைவு பேசும் என்ற இந்த ஏற்பாட்டை யோசித்தவர்களை நினைத்து நான் வியக்கிறேன். ஓட்டுநர்களின் நிறப்பார்வையைக் கடுமையாகச் சோதிக்கும் துறை ரயில்வே. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத குறை ஆண்களிடம்தான் அதிகம். அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அவ்வளவு சோதித்த பிறகும், நிறத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று அவர்கள் முடிவுசெய்திருக்கிறார்கள்.

ஆகவே டார்ச்சின் சிவப்பைச் சோதிக்க நேரான சாலை ஒன்று வேண்டும். ஒருவர் டார்ச்சைச் சிவப்பில் பிடித்து நிற்கட்டும், மற்றவர் எதிரே நடந்து விலகட்டும். எவ்வளவு தூரம் வரை அது ஒளியாகத் தெரிகிறது என்பதோடு, எவ்வளவு தூரம் வரை சிவப்பாகத் தெரிகிறது என்பதையும் பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல. பிறகு பத்து நிமிடம் எரியவிட்டு மறுபடி பாருங்கள். சிவப்பு எல்இடி சூட்டில் வாடும்; நீலத்தையும் பச்சையையும்விட வேகமாக மங்கும். அரியலூர்ச் சித்திரை வெயிலில் காய்ந்த டார்ச்சில் இது இன்னும் கூடும். செல்போனில் ஒளியளவு காட்டும் செயலி இருந்தால், இரண்டு மீட்டர் தள்ளிச் சுவரோரம் போனை வைத்து முதல் நிமிடத்தின் எண்ணையும் பத்தாம் நிமிடத்தின் எண்ணையும் ஒப்பிடலாம். ஒரு நிறத்தை இன்னொரு நிறத்தோடு அந்தச் செயலியில் ஒப்பிடுவதில் பயனில்லை. போனின் உணரி வெள்ளை ஒளிக்காகச் சரிசெய்யப்பட்டது.

நிறங்களுக்கு இடையே ஒப்பிட வேண்டுமானால் நம் கண்ணின் கணக்கு வேறு. பகல் பார்வைக்கு 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள் கலந்த பச்சைதான் மிகப் பிரகாசம். ஒரே அளவு ஒளியாற்றலைத் தந்தாலும், 525 நானோமீட்டர் பச்சை 465 நானோமீட்டர் நீலத்தைவிடக் கண்ணுக்குச் சுமார் பத்து மடங்கு கூடுதலாகத் தெரியும். டார்ச்சின் நீலம் மங்கலாக இருக்கிறதே என்று கடையில் சண்டை போடவேண்டாம். குறை பொருளில் இல்லை.

இருட்டு ஏற ஏறக் கண்ணின் ஆட்சி மாறுகிறது. நிறம் காணும் கூம்பு செல்கள் ஓய்ந்து, மங்கலில் பார்க்கும் குச்சி செல்கள் பொறுப்பேற்கும். முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். குச்சி செல்களின் உச்சம் 500 நானோமீட்டர் பக்கம், நீலப் பச்சையில். சிவப்பு அவற்றுக்கு ஏறக்குறையத் தெரியவே தெரியாது. அதனால்தான் சிவப்பு டார்ச்சின் ஒளியில் கைக்கடிகாரம் பார்த்துவிட்டு அணைத்தாலும் இருட்டுக்குப் பழகிய கண் கெடுவதில்லை. வானம் பார்ப்பவர்கள் சிவப்பை விரும்புவது இதற்காகத்தான். பூச்சிகளும் சிவப்பொளியை அவ்வளவாக மொய்ப்பதில்லை. அவற்றை இழுப்பது நீலமும் புற ஊதாவும். 2018இல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்து பெரம்பலூரையும் அரியலூரையும் உலுக்கியதிலிருந்து, ராத்திரியில் குருத்தைப் பிரித்துப் பார்க்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். முகத்தில் பூச்சி அடிக்காமல் பார்க்கச் சிவப்பு வசதிதான்.

ஆனால் இரண்டு இடங்களில் சிவப்பை நம்பவே கூடாது. ஒன்று, நடக்கும்போது. கண்ணாடி விரியனின் உடல் மங்கிய பழுப்பு, அதன் மேல் அடர் பழுப்புத் திட்டுகள். செம்மண், சருகு, காய்ந்த புல் என்று சுற்றியுள்ளவையும் பழுப்பும் மஞ்சளும்தான். இவை எல்லாமே சிவப்பொளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். வெள்ளையில் கண்ணுக்குப் படும் வேறுபாடு சிவப்பில் கரைந்துபோகும். வரப்பில் கால் வைக்கும்போது வெள்ளை தவிர வேறு நிறம் வேண்டாம்.

இன்னொன்று மோட்டார் கொட்டகை. நம் ஊர் மும்முனை இணைப்பில் மூன்று பேஸ் வயர்களும் சிவப்பு, மஞ்சள், நீலம். நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை. சிவப்பு டார்ச்சை அடித்துப் பாருங்கள். சிவப்பு வயரும் மஞ்சள் வயரும் ஒன்றுபோல் வெளிறித் தெரியும். நீலம், பச்சை, கறுப்பு மூன்றும் ஒன்றுபோல் இருண்டிருக்கும். அதாவது ஷாக் அடிக்கும் பேஸ் வயரும், எர்த் வயரும் ஒரே நிறம். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கிறவர் வெள்ளையைத்தான் போடவேண்டும். மூன்று வண்ண எல்இடிகளையும் சேர்த்து எரித்து ‘வெள்ளை’ என்று காட்டும் டார்ச்சுகளிலும் கவனம் தேவை. மின்கலம் இறங்கும்போது அந்த வெள்ளை மாறும். சிவப்பு எல்இடி எரிய 2 வோல்ட் போதும். பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் பக்கம் வேண்டும். அழுத்தம் குறைந்தால் அவை முதலில் சோர்ந்து, வெள்ளை மெல்லச் செம்மையேறும். டார்ச் செந்நிறம் கொண்டால் மின்கலம் தீருகிறது என்று பொருள்.

நிறம் ஏமாற்றுவதைப் போலவே உதவவும் செய்யும். செட்டிகுளம் பக்கம் வெங்காயப் பட்டறையில் இதைப் பார்க்கலாம். சேமித்த சின்ன வெங்காயத்தில் கறுப்புப் பூஞ்சை வந்தால், தோலின் அடியில் கரித்தூள் தூவியதுபோல் இருக்கும். வெங்காயத் தோல் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்தது. பச்சை ஒளியில் அந்தத் தோல் இருண்டு, கறுப்புப் பூஞ்சை அதற்குள் ஒளிந்துகொள்ளும். சிவப்புக்கு மாற்றுங்கள். தோல் வெளிறிப் பளிச்சென்று ஆகிவிடும். கரித்தூள் புள்ளி புள்ளியாகக் குத்திட்டு நிற்கும். தூர் அழுகி வெள்ளைப் பூஞ்சை படர்ந்த வெங்காயத்துக்குச் சரியான ஒளி இதற்கு நேர் எதிர்: பச்சையில் தோல் இருண்டு, வெள்ளை எடுப்பாகத் தெரியும். ஒரு கூடை வெங்காயத்தை இரண்டு நிறத்திலும் மாற்றி மாற்றிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. பல வண்ண டார்ச்சை வாங்கியதற்கு இந்த ஒரு பயனே போதும் என்பேன்.

பெரம்பலூர் மாவட்டத்துக் காரை ஊர்ப் பக்கத்துப் புதைபடிவங்களுக்கும் டார்ச் கைகொடுக்கும். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்கு அடியில் கிடந்த நிலம் அது. அம்மோனைட்டுகளின் சுருள் ஓடுகள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. பக்கத்தில் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரத்தை 1940இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் உலகுக்கு எடுத்துச் சொன்னார். அம்மோனைட்டின் ஓட்டில் விலா எலும்புகள்போல் வரிகள் உண்டு. உச்சி வெயிலில் பார்த்தால் அவை மழுங்கித் தெரியும். டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து, கல்லின் மேல் ஒளி உரசிக்கொண்டு போகும்படி அடித்தால், ஒவ்வொரு வரிக்கும் நிழல் விழுந்து சுருள் எழுந்து நிற்கும். இடப்பக்கம் ஒரு டார்ச்சைச் சிவப்பிலும் வலப்பக்கம் இன்னொன்றைப் பச்சையிலும் வைத்தால் இன்னும் அழகு. ஒவ்வொரு வரியின் ஒரு சரிவு சிவப்பாகவும் மறு சரிவு பச்சையாகவும் ஆகும்; இரண்டும் படும் முகடு மஞ்சளாக மின்னும். மேடு எது, பள்ளம் எது என்று கேட்க வேண்டியதே இல்லை. படிவங்களை இருந்த இடத்திலேயே விட்டுவந்தால் அடுத்த பிள்ளைகளும் இதைப் பார்ப்பார்கள். வீட்டில் செய்துபார்க்க ஒரு சோழியோ நத்தை ஓடோ போதும்.

சில டார்ச்சுகளில் இருக்கும் ஊதாவைச் சும்மா ஒரு நிறமாக எண்ணக் கூடாது. 395 நானோமீட்டர் பக்கம் ஒளிரும் இந்த எல்இடி, கண்ணுக்குத் தெரிவதன் விளிம்பில், புற ஊதாவைத் தொட்டு நிற்கிறது. இருட்டில் இதை அடித்தால் தேள் பச்சை கலந்த நீலமாக ஒளிரும். தேளின் மேலோட்டில் உள்ள சில வேதிப்பொருட்கள் ஊதாவை உள்வாங்கி நீண்ட அலைநீளத்தில் திருப்பித் தருவதால் வரும் ஒளி அது. விறகடுக்கு, சாக்கு மூட்டை, கழற்றிப் போட்ட செருப்பு, பட்டறையின் அடிக்கல் என்று தேள் ஒண்டும் இடங்களில் அடித்துப் பார்க்கலாம். செந்தேளைப் பொறுத்தவரை இது வேடிக்கைக் காட்சி அல்ல. அதன் நஞ்சு குழந்தைகளின் இதயத்தையும் நுரையீரலையும் தாக்கும். கொட்டிவிட்டால் நேரம் கடத்தாமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும். மகாராஷ்டிரத்து மகாத் ஊரில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர் பரவலாக்கிய பிரசோசின் என்ற சாதாரண மாத்திரை எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. டார்ச்சின் ஊதாவைச் சோதிக்க எளிய வழி ரூபாய் நோட்டு: நல்ல ஊதா என்றால் வரிசை எண் பளிச்சென ஒளிரும். நீல எல்இடியை ஊதா என்று சொல்லி விற்றிருந்தால் நோட்டு வெறுமனே நீலமாக இருக்கும். ஊதாவைக் கண்ணுக்கு நேரே அடிக்கக் கூடாது. கண்ணுக்கு மங்கலாகத் தெரிவதால் கண்பாவை சுருங்காது, ஆனால் ஆற்றல் உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

கடைசியாகச் சார்ஜ் ஏற்றுவது. வாங்கும்போது பெரும்பாலோர் பார்க்காமல் விடுவது இதைத்தான். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கவலை தருவதும் இதுதான். டார்ச்சின் பின்பக்கத்திலிருந்து இரண்டு பின்கள் நீண்டு, நேரே சுவர்ப் பிளக்கில் செருகும் வகை நம் கடைகளில் நிறைய. உள்ளே பெரும்பாலும் 4 வோல்ட் ஈய அமில மின்கலம் இருக்கும். 230 வோல்ட்டை 4 வோல்ட்டாகக் குறைக்க டிரான்ஸ்பார்மர் வைத்தால் விலை ஏறும் என்று, ஒரு மின்தேக்கியை மட்டும் தொடராக வைத்து மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். மின்கலம் ஏறிவிடும். ஆனால் சுவரிலுள்ள மின்சாரத்துக்கும் டார்ச்சின் உள்பாகங்களுக்கும் நடுவே தடுப்பு ஏதும் இல்லை. சார்ஜ் ஏறும்போது எல்இடியின் காலும் மின்கலத்தின் முனையும்கூட ஷாக் அடிக்கும் நிலையில்தான் இருக்கின்றன. உடல் விரிசல் விட்டிருந்தாலோ, முகப்புக் கண்ணாடி கழன்றிருந்தாலோ, மழையில் நனைந்திருந்தாலோ, சார்ஜில் இருக்கும் டார்ச்சைத் தொடுவது வெறும் வயரைத் தொடுவதற்குச் சமம். சார்ஜில் வைத்தபடியே பொத்தானை அழுத்தக் கூடாது, பிள்ளைகள் எட்டும் உயரத்தில் வைக்கக் கூடாது, பிளக்கிலிருந்து உருவிய உடனே பின்களைத் தொடக் கூடாது. யுஎஸ்பி துளை உள்ள டார்ச் ஐம்பது ரூபாய் கூடுதல் என்றாலும் அதையே வாங்கச் சொல்வேன். ஒழுங்கான செல்போன் சார்ஜருக்குள் இருக்கும் சின்ன டிரான்ஸ்பார்மர் அந்த 230 வோல்ட்டை நம் கைக்கு வராமல் பிரித்து வைத்திருக்கிறது.